தண்ணீர் ஊற்ற ஊற்ற வினிகர் வலிமையான அமிலம் ஆகிறதா?

ஜனவரி 6, மாலை (கேள்வி)

அண்ணா, பன்னிரண்டாம் வகுப்பு அயனிச் சமநிலைப் பாடத்தில் ஆஸ்ட்வால்ட் நீர்த்தல் விதி படித்தேன். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்க்க நீர்க்கப் பிரிகை வீதம், அதாவது மூலக்கூறுகளில் எத்தனை பங்கு அயனிகளாகப் பிரிகிறது என்பது, கூடும் என்று இருக்கிறது. நீரில் முழுவதும் பிரிந்தால் அது வலிமை மிகு அமிலம் என்றும் அதே பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் வினிகரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் கடைசியில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாதிரி ஆகிவிட வேண்டுமே? வகுப்பில் கேட்டால் தேர்வுக்கு வராது என்கிறார்கள்.

ஜனவரி 6, இரவு

ஆகாது. ஆனால் தம்பி, இது தேர்வுக்கு வராது என்று ஒதுக்குகிற கேள்வி இல்லை, அந்தப் பாடத்தின் கழுத்தையே பிடிக்கிற கேள்வி. நான் இருபது வருடமாக சாயப்பட்டறை லேபில் அசிட்டிக்கோடு பழகுகிறேன், எனக்கே இது சரியாகப் புரிய வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனது.

முதலில் கணக்கைப் பார். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 25 டிகிரியில் 1.8 × 10⁻⁵. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் 1.3 சதவீதம் பிரிகிறது. 0.01 மோலாரில் 4.1 சதவீதம். 0.001 மோலாரில் 12.5 சதவீதம். நீ சொன்ன மாதிரியே வீதம் ஏறுகிறது. இப்போது ஹைட்ரஜன் அயனி எவ்வளவு வெளியே வந்தது என்று பார்: 0.0013, அப்புறம் 0.00041, அப்புறம் 0.000125 மோலார். சதவீதம் பத்து மடங்கு ஏறியிருக்கிறது, அயனியின் செறிவு பத்து மடங்கு இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எதிர்த் திசையில் போகின்றன, நீ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டாய்.

இந்த மூன்று கரைசலிலும் அசையாமல் நிற்பது அந்த 1.8 × 10⁻⁵ ஒன்றுதான். பிரிந்த இரண்டு துண்டுகளின் செறிவையும் பெருக்கி, பிரியாமல் நிற்பதன் செறிவால் வகு. மூன்றிலும் அதே எண் வரும். அமிலத்தின் வலிமை என்பது அந்த எண்தான். எவ்வளவு ஊற்றினாய், எவ்வளவு நீர்த்தாய் என்பதெல்லாம் செறிவு.

ஜனவரி 7, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஏன் என்பதை விட்டுவிட்டேன். அசிட்டிக் மூலக்கூறு பிரிவதற்கு இன்னொரு துண்டு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, தண்ணீர் இருந்தால் போதும். ஆனால் பிரிந்த அசிட்டேட்டும் ஹைட்ரஜன் அயனியும் திரும்பச் சேர வேண்டுமென்றால் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சந்திப்பு அரிதாகிறது, பிரிந்தது பிரிந்தபடியே நிற்கிறது. வீதம் கூடுவதற்குக் காரணம் இவ்வளவுதான், அமிலத்தின் குணம் மாறியதால் இல்லை.

ஜனவரி 7, மதியம்

கல்லூரியில் நான் பார்த்த ஒரு சோதனை. கிளேசியல் அசிட்டிக், அதாவது ஏறக்குறைய தண்ணீரே இல்லாத சுத்த அசிட்டிக், ஒரு பீக்கரில். மின்கடத்து மீட்டரின் முனையை அதில் விட்டால் முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. மூக்கைத் துளைக்கிற அமிலம், தோலில் பட்டால் கொப்புளம் போடுகிற அமிலம், ஆனால் மின்சாரம் அதற்குள் போக மறுக்கிறது. ஆசிரியர் வாஷ் பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார். முள் ஏறியது. இன்னும் பீய்ச்சினார், இன்னும் ஏறியது. பிறகு ஒரு கட்டத்தில் நின்று, தண்ணீர் ஊற்ற ஊற்ற மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஏறினது பிரிகையால், இறங்கினது கூட்டம் கலைந்ததால். அன்று குறிப்பேட்டில் எண்களை எழுதிக்கொண்டு போய்விட்டேன், அந்த ஏற்ற இறக்கம் என்ன சொல்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

கிளேசியலின் உறைநிலை 16.6 டிகிரி. மலைப் பக்கத்தில் குளிர்காலக் காலையில் பாட்டிலுக்குள் பனிக்கட்டி மாதிரி இறுகி நிற்கும், கிளேசியல் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

ஜனவரி 8

ஒருவர் கேட்டிருக்கிறார், எல்லையில்லாமல் நீர்த்தால் 100 சதவீதம் பிரிந்துவிடுமே, அப்போதாவது வலிமை மிகு அமிலம் ஆகாதா என்று. ஆமாம், எல்லையில் 100 சதவீதம் என்று பதில் தட்டி வைத்திருந்தேன். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அனுப்பும் முன் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், தப்பு.

தண்ணீரே கொஞ்சம் பிரிகிறது. எவ்வளவு நீர்த்தாலும் 25 டிகிரியில் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷ மோலாருக்குக் கீழே போகாது, தண்ணீர் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த 10⁻⁷ இருக்கும்போது அசிட்டிக்கில் பிரிந்தது எத்தனை, பிரியாதது எத்தனை என்று பார்த்தால் 180-க்கு 1. அதாவது 99.4 சதவீதம். அதற்கு மேல் போகவே போகாது.

இந்த 0.6 எதற்கு என்று தோன்றலாம். போரிக் அமிலத்துக்கு இதே கணக்கைப் போடு, கேரம் போர்டில் தூவுகிறோமே அந்தப் போரிக் பவுடர்தான். அதன் மாறிலி 5.8 × 10⁻¹⁰. ஒரு கிள்ளு எடுத்து ஒரு கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாலும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் அயனியாகும். நீர்த்துக்கொண்டே போனால் எல்லா அமிலமும் முழுதாகப் பிரியும் என்பது அங்கே சுத்தமாக உடைந்துவிடுகிறது. ஓர் அமிலம் கடைசி வரை எவ்வளவு பிரிய முடியும் என்பதையும் அந்த மாறிலிதான் முடிவு செய்கிறது, தண்ணீர் இல்லை.

(போரிக் அமிலம் தன்னுடைய ஹைட்ரஜனைக் கொடுப்பதும் இல்லை. தண்ணீரிடமிருந்து ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொள்கிறது, தண்ணீரின் ஹைட்ரஜன் அயனி தனியே நிற்கிறது. அதனால்தான் மூன்று ஹைட்ராக்சில் இருந்தும் ஒன்றுக்குத்தான் கணக்கு.)

அதே மாதிரி 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வருடமும் உண்டு. பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் காட்டும் எண், 25 டிகிரியில் 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். அமிலத்தைப் போட்டுவிட்டுக் கரைசல் காரமாக முடியாது. தண்ணீரின் பங்கைச் சேர்த்தால் 6.98 வரும்.

ஜனவரி 9, இரவு, ஷிஃப்ட் முடிந்து

ஒருவர் எழுதியிருக்கிறார்: வலிமை குறைந்த அமிலத்தால் தொழிலில் என்ன பயன், விலை குறைந்த சல்ஃப்யூரிக் இருக்கும்போது அசிட்டிக் எதற்கு என்று. இதற்கு நான் விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும், என் பிழைப்பே அதில்தான்.

பனியன் துணியைச் சாயம் போடும் முன் காஸ்டிக்கும் (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) பெராக்சைடும் போட்டு பிளீச் செய்கிறோம். அது முடிந்ததும் துணியில் காஸ்டிக் மிச்சம் நிற்கும். ரியாக்டிவ் சாயம் காரத்தில்தான் துணியைப் பிடிக்கும், ஆகவே சாயம் சீராகப் பரவும் முன்னாலேயே காரம் இருந்தால் பிடித்த இடத்தில் பிடித்து, திட்டுத்திட்டாகப் போய்விடும். அதனால் முதலில் நடுநிலை ஆக்க வேண்டும். இங்கே சிக்கல் என்னவென்றால் காஸ்டிக் குளியல் தண்ணீரில் மட்டும் இல்லை, நூலின் உள்ளேயும் ஊறியிருக்கும். தண்ணீரில் பிஎச் தாளை நனைத்தால் 7 காட்டும், பத்து நிமிடம் கழித்து நனைத்தால் 9 காட்டும். உள்ளேயிருந்து கசிந்துகொண்டே இருக்கிறது.

இப்போது குளியலில் 0.001 மோலார் காஸ்டிக் மிச்சம் என்று வை. ஆள் அவசரத்தில் தேவைக்கு இரண்டு மடங்கு அமிலம் ஊற்றிவிட்டான். அது வலிமை மிகு அமிலமாக இருந்தால் பாதி காஸ்டிக்கோடு போகும், மீதிப் பாதி அப்படியே அயனியாக நிற்கும், பிஎச் 3-க்கு விழும். அது அசிட்டிக்காக இருந்தால்? பாதி அசிட்டேட் ஆகிறது, பாதி அசிட்டிக்காகவே நிற்கிறது, இரண்டும் சமம். சமமாக இருக்கும்போது பிஎச் என்பது பிகேஏ-வுக்குச் சமம் (பிரிகை மாறிலியை பிஎச் மாதிரி மடக்கையில் எழுதினால் வரும் எண், அமிலத்தின் வலிமை குறையக் குறைய அது ஏறும்), அதாவது சுமார் 4.8. அதே தப்பு, ஆனால் ஹைட்ரஜன் அயனி ஐம்பதில் ஒரு பங்குக்கு அருகில். தாங்கல் கரைசல் என்று பாடத்தில் படிப்பது இதுதான், நாங்கள் தெரிந்தோ தெரியாமலோ தினமும் மிஷினுக்குள் தயாரிக்கிறோம். உள்ளேயிருந்து காஸ்டிக் கசியக் கசிய, பிரியாமல் காத்துக்கொண்டிருக்கும் அசிட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து அதை அடக்குகிறது. வலிமை குறைவு என்பதற்கு இங்கே அர்த்தம் கையிருப்பு.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில் செலவைக் குறைக்க சல்ஃப்யூரிக் போட்டார்கள். லேபில் தாள் 6 காட்டியது, மாஸ்டரும் திருப்தியாக இருந்தார். இரவு ஷிஃப்ட்டில் யாரோ கை அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள், கழுவலும் பத்தவில்லை. துணி ஸ்டென்டரில் (துணியை விரித்துச் சூட்டில் காய வைக்கும் மிஷின்) ஓடிக் காய்ந்து வந்தது, பார்க்க ஒன்றும் தெரியவில்லை. நான் சாம்பிளுக்கு வெட்ட ஓரத்தைப் பிடித்தேன், கட்டைவிரல் துணிக்குள் போய்விட்டது. அந்தச் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது, கிழிகிற சத்தமே இல்லை, நனைந்த காகிதம் பிரிகிற மாதிரி. சல்ஃப்யூரிக் ஆவியாகாது, சூட்டில் தண்ணீர் போகப் போக மிச்சமிருந்த அமிலம் துணியிலேயே செறிந்து பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டிவிட்டது. அசிட்டிக் என்றால் அந்தச் சூட்டில் தானும் ஆவியாகிப் போயிருக்கும். அன்றைக்குப் போனது ஒரு முழு லாட்.

ஜனவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தாளில் 7 வந்தால் நடுநிலை என்ற தோரணையில் எழுதிவிட்டேன். 7 என்பது 25 டிகிரிக்கு. தண்ணீரின் அயனிப் பெருக்கம் சூட்டில் ஏறும். எங்கள் சாயக் குளியல் 60 டிகிரி, அங்கே நடுநிலை சுமார் 6.5. உடம்பின் 37 டிகிரியில் 6.8. சுடுதண்ணீர் அமிலமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஹைட்ரஜன் அயனி கூடிய அளவுக்கு ஹைட்ராக்சைடும் கூடியிருக்கிறது. மாறிலி என்று பெயர் இருந்தாலும் வெப்பநிலை மாறினால் அது மாறும். 1.8 × 10⁻⁵ என்று எழுதும்போது பக்கத்தில் 25 டிகிரி என்றும் எழுதிப் பழகு.

ஜனவரி 10, இரவு

தம்பி, உன் இரண்டாவது கேள்வி: ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வலிமை குறைந்தது என்று அட்டவணையில் இருக்கிறது, அப்போது கையில் பட்டால் பரவாயில்லையா?

தயவு செய்து அப்படி நினைக்காதே. பிகேஏ 3.2 தான், மாறிலிப்படி வலிமை குறைந்ததுதான், ஹைட்ரஜனுக்கும் ஃப்ளூரினுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு அவ்வளவு இறுக்கம். ஆனால் பிரியாத மூலக்கூறு மின்சுமை இல்லாதது, அதனால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், இறங்கிய பிறகு ஃப்ளூரைடு உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் பட்டால் முதலில் எரியக்கூட எரியாது, மணிக்கணக்கு கழித்துத்தான் வலி எடுக்கும். இரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயமே நின்றுவிடலாம். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அமிலம் அது. அங்கே ஆபத்துக்குக் காரணமே பிரியாமல் இருப்பதுதான். வலிமை, செறிவு, ஆபத்து மூன்றும் மூன்று கேள்விகள். குப்பியில் ஒட்டியிருக்கும் அபாயக் குறியைப் பார்த்துவிட்டுத் தொடு, பிகேஏ அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தொடாதே.

பிரியாதது சவ்வுக்குள் நுழையும் என்ற இதே விஷயம் ஊறுகாய்க்கு நல்லது செய்கிறது. சோடியம் பென்சோயேட் போடுகிறார்களே, பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ 4.2. எலுமிச்சைப் புளிப்பில் பிஎச் 3.2 இருந்தால் பத்தில் ஒன்பது பங்கு பிரியாமல் நின்று, பூஞ்சையின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். புளிப்பில்லாத, பிஎச் 6.2 உள்ள பண்டத்தில் அதையே கொட்டினாலும் நூற்றில் ஒரு பங்குதான் அந்த வடிவில் இருக்கும்.

ஜனவரி 11

வலிமை மிகு அமிலங்கள் எல்லாம் சமமா என்று ஒருவர். தண்ணீரில் சமம் மாதிரித் தெரியும். பெர்குளோரிக்கோ ஹைட்ரோகுளோரிக்கோ எதைப் போட்டாலும் தண்ணீர் அதன் ஹைட்ரஜனை முழுக்கப் பிடுங்கிக்கொள்கிறது, மிஞ்சுவது ஹைட்ரோனியம், அதாவது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்த தண்ணீர் மூலக்கூறு, மட்டுமே. உயரம் அளக்கும் கோல் ஐந்தடியோடு முடிந்தால் ஐந்தரை அடிக்காரனும் ஆறடிக்காரனும் ஒன்றுதான். அவ்வளவு எளிதில் ஹைட்ரஜனை வாங்காத கிளேசியல் அசிட்டிக்கையே கரைப்பானாக வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், அதில் பெர்குளோரிக் முந்தும், ஹைட்ரோகுளோரிக் பின்தங்கும். ஆக 6-ஆம் தேதி நான் வலிமை என்பது அந்த எண்தான் என்று எழுதியதோடு, எந்தக் கரைப்பானில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்ட்வால்ட் 1888-இல் அந்த விதியைச் சொன்னபோது வலிமை மிகு அமிலங்கள் அதற்கு அடங்கவே இல்லை. நான்கு வருடம் முன்பு, 1884-இல், கரைசலில் பொருள்கள் அயனிகளாகப் பிரிகின்றன என்ற சிந்தனையோடு அரீனியஸ் ஸ்வீடனின் உப்சாலாவில் தந்த ஆய்வேட்டுக்குக் குறைந்த தரம்தான் போட்டார்கள், 1903-இல் அதே சிந்தனைக்கு நோபல் வந்தது. வலிமை மிகு மின்பகுளிகள் (கரைசலில் அயனிகளாகப் பிரிந்து மின்சாரம் கடத்துபவை) ஏன் அடங்கவில்லை என்பதற்கு 1923-இல் டிபையும் ஹக்கலும் வந்துதான் கணக்குச் சொன்னார்கள்: எல்லாமே பிரிந்துதான் கிடக்கின்றன, ஆனால் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுதந்திரமாக நடக்க முடியாமல் இருக்கின்றன. பாடத்தில் நான்கு வரியில் வருவதற்குப் பின்னால் கிட்டத்தட்ட நாற்பது வருடம் இருக்கிறது.

ஜனவரி 13, காலை

தம்பி வினிகரை அளந்து எண்களைப் போட்டிருக்கிறான், இதைத்தான் எதிர்பார்த்தேன். கடை வினிகர் 4 சதவீதம், அளந்த பிஎச் 2.5. பத்து மடங்கு நீர்த்தது 3.7. நூறு மடங்கு நீர்த்தது 5.4.

முதல் எண் சரி. 4 சதவீதம் என்றால் சுமார் 0.67 மோலார், கணக்கில் 2.46 வர வேண்டும். மற்ற இரண்டும் இடிக்கின்றன. வலிமை குறைந்த அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் அரை அலகுதான் ஏற வேண்டும், ஏனென்றால் அயனிச் செறிவு அமிலச் செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து இறங்குகிறது. 3.0, 3.5 என்று வந்திருக்க வேண்டும். மீட்டரைத் தாங்கல் கரைசலில் வைத்துச் சரி பார்த்தாயா?

ஜனவரி 13, மதியம்

மீட்டரைச் சந்தேகப்பட்டது தப்பு. சாப்பிடும்போது தோன்றியது. எந்தத் தண்ணீரில் நீர்த்தாய்? போர் தண்ணீரா?

ஜனவரி 13, இரவு

போர் தண்ணீர்தானாம். அப்போது உன் எண்கள் சரியானவை, தம்பி, என் எதிர்பார்ப்புதான் வேறு தண்ணீருக்கானது. போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு) லிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் இருந்தால் அது 0.006 மோலார் காரத்துக்குச் சமம். நூறு மடங்கு நீர்த்த வினிகரில் அமிலமே 0.0067 மோலார்தான். ஏறக்குறைய முழுவதையும் பைகார்பனேட் விழுங்கி அசிட்டேட் ஆக்கிவிட்டது, குலுக்கினபோது சின்னச் சின்னக் குமிழ் வந்ததா என்று பார்த்திருக்கலாம். அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், பத்து மடங்குக்கு 3.7, நூறு மடங்குக்கு 5.4 தான் வருகிறது. உன் வீட்டுத் தண்ணீரின் காரத்தன்மையை நீ வினிகரை வைத்தே அளந்துவிட்டாய்.

நாளைக்கு மருந்துக் கடையிலோ பேட்டரி கடையிலோ காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கி அதே மாதிரி செய். குடுவையையும் அந்தத் தண்ணீரிலேயே இரண்டு தடவை அலசு.

ஜனவரி 15

2.5, 3.0, 3.5. பார்த்துவிட்டேன். நூறு மடங்கு நீர்த்ததை மூடி வைத்திருக்கிறாயா? கொட்டாதே. அதில் ஒரு சிட்டிகை சோடியம் அசிட்டேட்டைப் போட்டு மறுபடி அள. பிரிகை வீதம் சட்டென்று கீழே இறங்கும், மாறிலி இறங்காது. வந்த எண்ணை இங்கே போடு, பிகேஏ-வை உன் அளவிலிருந்தே பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். சிட்டிகை என்று சொன்னேனே, தராசில் நிறுத்தே போடு, இல்லாவிட்டால் கணக்கு போட முடியாது.